பழைய செயின்சாவில் பெரிய பிளாக் ஏற்றப்போய் நான் பட்ட பாடு

என்னிடம் இருப்பது ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 290 என்ற செயின்சா, பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்ததே, அந்தச் சமயத்தில் மரம் அறுக்க வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அப்போதே அது பழைய மிஷின்தான். ஆனாலும் எங்கள் தோப்பு வேலைக்கும், அக்கம்பக்கத்தில் கூலிக்கு அறுத்துக் கொடுக்கவும் வருஷக்கணக்கில் உழைத்தது. போன தை மாதம் பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம், பெரிய பிளாக்காகவே ஏற்றிவிடுவோம் என்று இறங்கியதில் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கையை விட்டுப் போனது. வருமானம் வரும் சீசனும் கூடவே போனது. இப்போது மிஷின் நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்தச் செலவில் பாதி தண்டம். இதைப் பற்றித் தமிழில் விவரமாகச் சொல்ல ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெரிய பிளாக் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாக் என்பது பிஸ்டன் உள்ளே ஏறி இறங்கும் சிலிண்டர். இந்தக் கம்பெனியின் 029, 039, எம்.எஸ். 290, 310, 390 எல்லாம் ஒரே குடும்பம். பாகங்களின் எண் 1127 என்று தொடங்கும். கிராங்க் (மோட்டாரில் சுற்றும் தண்டு), அதைப் பிஸ்டனோடு சேர்க்கும் கனெக்டிங் ராடு, பிளாஸ்டிக் பாடி எல்லாம் பெரும்பாலும் பொது. எம்.எஸ். மூன்றுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 34 மில்லிதான். 290-இல் பிஸ்டன் விட்டம் 46 மில்லி, அதனால் 56.5 சிசி. 310-இல் 47 மில்லி, 59 சிசி. 390-இல் 49 மில்லி, 64.1 சிசி. ஆக, 290-இன் பிளாக்கையும் பிஸ்டனையும் கழற்றிவிட்டு 390-இன் செட்டை வைத்தால் அப்படியே உட்காரும். மோட்டாரை வெளியே எடுத்துப் பார்த்தவர்கள் அது எந்த மாடல் என்று பிஸ்டனை அளந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் இது இந்தக் குடும்பத்துக்கு மட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி சீன மிஷினுக்கு இந்த செட் பொருந்தாது. இதே கம்பெனியின் வேறு மாடல்களுக்கும் பொருந்தாது. "எல்லாத்துக்கும் செட் ஆகும்ணே" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் 1127 என்ற எண்ணைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

தை அறுவடை முடிந்தால்தான் எங்கள் பக்கம் மரவேலை சூடுபிடிக்கும். வயல் காய்ந்து டிராக்டர் உள்ளே இறங்கும். வரப்போரத்துத் தென்னை, வாய்க்கால் கரைப் பூவரசு, கொல்லையில் நிற்கும் வேம்பு என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். மறுபடி தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் லோடு வெளியே வராது. அப்படி ஒரு வேலையில், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் அடியை அறுத்துக்கொண்டிருந்தபோது மிஷினின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து ஏறியது. வேகம் கூடி நன்றாக இழுப்பதுபோலத்தான் இருந்தது. அப்புறம் சட்டென்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. இந்த ஏறிய சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் டூ ஸ்ட்ரோக் மிஷின் சாவதற்கு முன்னால் இப்படித்தான் துள்ளி ஓடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே நின்றாலோ, மிஷினைச் சாய்த்துப் பிடித்தால் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும் வேகம்) மாறினாலோ அந்த நிமிஷமே அணைத்துவிடுங்கள். எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம்.

பக்கத்து டவுனில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பிஸ்டன் போச்சு, பிளாக் கீறியிருக்கு என்றார்கள். "அதே சைஸ் போடுறதுக்கு 390 செட்டே போட்டுடலாம், பவர் கூடும்" என்றதும் அவர்கள்தான். எனக்கும் ஆசை. தென்னை அடிமரத்தில் 20 இஞ்ச் பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்டு இழுக்கும்போது 290 திணறும். அதிலிருந்து விடுதலை என்று நினைத்துச் சரி என்றேன். கிட் (பிளாக், பிஸ்டன் சேர்ந்த செட்), கூலி எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். மாசி பிறந்த பிறகு மிஷின் கைக்கு வந்தது. முதல் டேங்க் பெட்ரோலுக்கு வானத்தில் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இழுவை, அந்தச் சத்தம்! அடுத்த டேங்க் பாதியில் மறுபடி அதே மெலிந்த சத்தம். அதே மாதிரி நின்றது. தூக்கிக்கொண்டு ஓடினேன். பிளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆயில் கலக்காம ஓட்டியிருக்கீங்க தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வாரண்டியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெட்ரோலோடு சேர்க்க வேண்டிய டூ-டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் ஆயில்) அளவு டம்ளரில் ஊற்றிக் கலக்குகிறவன் நான். வாதாடிப் பார்த்தேன், பலனில்லை. வீட்டில், "அதை எடைக்குப் போட்டுட்டு ஆளைக் கூப்பிட்டு அறுங்க" என்றார்கள். மாசி, பங்குனி வேலைகளுக்கெல்லாம் இன்னொருவரின் மிஷினை வாடகைக்கு எடுத்து, வந்த கூலியில் பாதியை அவரிடமே கொடுத்தேன். அந்த நஷ்டத்தை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் நானே பிரித்தேன். முன்பு டி.வி.எஸ். 50 மோட்டார் பிரித்த பழக்கம் கொஞ்சம் உண்டு. பிரிப்பதற்கு முன் சைலன்சரை மட்டும் கழற்றி அந்த ஓட்டை வழியாக பிஸ்டனைப் பாருங்கள். பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் காற்று கூடிச் சூடேறியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம். கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. ஆயிலே இல்லாமல் ஓடியிருந்தால் உள்ளே எங்கும் எண்ணெய்ப் பசையே இருக்காது. என் பிஸ்டனில் கீறல் எல்லாம் சைலன்சர் பக்கம். தலையில் பழுப்பு நிறக் கரி, கீழே கிராங்க் பேரிங்கில் விரலை வைத்தால் எண்ணெய் ஒட்டியது. ஆயில் இல்லாமல் ஓடிய மிஷினில் இது எப்படி இருக்கும்? பட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம்.

இந்த மாடலில் பிளாக்கை மட்டும் தனியாகத் தூக்க முடியாது. பிளாக்கின் அடியில் கிராங்க் உட்கார்ந்து, அதற்குக் கீழே ஒரு தட்டு வந்து நான்கு போல்ட்டில் மூடும். நடுவில் கேஸ்கட் கிடையாது, பேஸ்ட் மட்டும்தான். அதனால் முழு மோட்டாரையும் பிளாஸ்டிக் பாடியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதற்கு டி-27 டார்க்ஸ் சாவி (நட்சத்திர முனை உள்ளது), நீளமானதாக வேண்டும். கிளட்ச் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் போட்டு அடித்து கிராங்க் மரையை உடைத்தவர்கள் உண்டு. கிராங்க் சுற்றாமல் நிற்க, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டையில் நைலான் கயிற்றைத் திணித்துக்கொண்டால் போதும். இரும்பு எதையும் உள்ளே விடாதீர்கள். மறுமுனையில் காந்தத்தோடு சுற்றும் சக்கரமான மேக்னட்டின் நட் சாதாரண மரைதான்.

கீழ்த்தட்டைப் பிரித்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. பட்டறையில் போட்டிருந்த பேஸ்ட் சாதாரண சிலிக்கான். பெட்ரோலில் ஊறி உப்பிப்போய், நகத்தால் இழுத்ததும் ரிப்பன் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. ஒரு மூலையில் பேஸ்ட்டே இல்லை, உலோகத்தில் கறுப்பாக ஒரு கோடு. அதைவிட மோசம், கிராங்கைச் சுற்றிக் காற்று போகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல், இரண்டு பக்கமும் பழையவை. மேக்னட் பக்கத்துச் சீலின் உதடு கல்லாகக் கெட்டித்து, கிராங்கைத் தொடாமலே நின்றது. முதல் பிஸ்டன் பிடித்ததும் அதனால்தான் என்று அப்போது புரிந்தது. வருஷக்கணக்கான சீல் கெட்டித்துக் காற்று உள்ளே போயிருக்கிறது. நோயை அப்படியே விட்டுவிட்டுப் புது பிளாக்கை அதன் வாயில் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்: பழைய பிஸ்டன் ஏன் போனது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் புதுசு போடாதீர்கள், யாரையும் போடவும் விடாதீர்கள். எப்படியும் மோட்டார் வெளியே வருகிறது. இரண்டு சீலும் சில நூறு ரூபாய்தான்.

இரண்டாவது கிட் 6,400 ரூபாய். ஒரிஜினல் விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் வெளி கம்பெனி கிட்டிலேயே கொஞ்சம் தரமானதாகப் பார்த்தேன். வந்ததும் அப்படியே மாட்டிவிடாதீர்கள். பிளாக்கின் உட்சுவரில் விரலை விட்டு போர்ட் (காற்றும் புகையும் போய்வரும் ஓட்டை) விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். மலிவுக் கிட்டுகளில் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதில் மாட்டினால் முடிந்தது கதை. நைசான எமரி பேப்பரைச் சின்னக் குச்சியில் சுற்றி விளிம்பை மட்டும் மழுக்கினேன். சுவரின் பூச்சில் படவே கூடாது. முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். கிட்டோடு வரும் பிஸ்டன் பின் லாக் வளையங்களை நம்பாமல் ஒரிஜினல் வாங்கிப் போட்டேன். அவை கழன்றால் பிளாக்கோடு போய்விடும். வளையத்தின் வாய் மேலே அல்லது கீழே பார்க்க வேண்டும், பக்கவாட்டில் இருக்கக் கூடாது. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம். ரிங்கின் வாய் பிஸ்டன் பள்ளத்திலுள்ள குட்டி ஊசியில் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் பிளாக்கை இறக்கும்போதே ரிங் உடையும். சில கிட்டில் டிகம்ப்ரஷன் வால்வுக்கு (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைப்பது) ஓட்டை விட்டு ஓர் அடைப்பு போல்ட் கொடுப்பார்கள். அதுவும் காற்று போகும் வழிதான், இறுக்கிப் பாருங்கள்.

ஒருமுறை பேஸ்ட் இல்லாமல் சும்மா பூட்டி, பிளக் ஓட்டை வழியாக மெல்லிய ஈயக் கம்பியை பிளாக் சுவரைத் தொடும்படி விட்டு, கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். நசுங்கிய முனையை வெர்னியரில் அளந்தால் பிஸ்டனுக்கும் பிளாக் தலைக்கும் உள்ள இடைவெளி தெரியும். அரை மில்லிக்குக் குறைந்தால் பூட்டக் கூடாது. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது, விட்டுவிட்டேன். பிறகு பழைய பேஸ்ட்டை ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டித் தின்னர் போட்டுத் துடைத்து, பெட்ரோலுக்கு நிற்கும் என்று ட்யூபிலேயே எழுதியிருக்கும் கேஸ்கட் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவிப் பூட்டினேன். அவசரப்படாமல் ஓர் இரவு முழுக்கக் காயட்டும்.

இனி வருவதுதான் பட்டறையில் யாரும் செய்யாதது. மோட்டாரைப் பாடியில் வைப்பதற்கு முன் காற்று பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று விற்கும் பம்பு விலை கூட. வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய டயல் கருவி ஒன்று கிடந்தது. கைப்பட்டையைக் கழற்றிவிட்டு பம்பையும் டயலையும் மட்டும் எடுத்தேன். சைலன்சருக்கும் பிளாக்குக்கும் நடுவே சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினேன். கார்புரேட்டர் பக்கமும் அதே மாதிரி. பிளக் மாட்டியிருக்க வேண்டும். கிராங்க் கேஸிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இம்பல்ஸ் குழாய் வழியாகக் காற்றை ஏற்றினேன். டயல் 300 வரை போகும், அழுத்தக் கணக்கில் அது ஏறக்குறைய 0.4 பார். இந்த மோட்டாருக்கு அது போதும். முள் நிற்க வேண்டும். எனக்கு முதலில் மெதுவாக இறங்கியது. சோப்பு நுரையைத் தடவினேன். சீல் பக்கம் ஒன்றுமில்லை, கீழ்த்தட்டு ஒன்றுமில்லை. கார்புரேட்டரை பிளாக்கோடு சேர்க்கும் ரப்பர் கழுத்தின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு குமிழி, நின்று நின்று, வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. விரலால் மடக்கினால்தான் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. இதைப் பார்க்காமல் மூடியிருந்தால் மூன்றாவது பிஸ்டனும் போயிருக்கும். ரப்பரை மாற்றியதும் முள் அசையாமல் நின்றது. கிராங்கைக் கையால் சுற்றிக்கொண்டும் ஒருமுறை பாருங்கள், சில சீல் சுற்றும்போது மட்டும் விடும். அழுத்தத்துக்கு நிற்கும் சீல் உறிஞ்சும்போது விடுவதும் உண்டு. மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சை அதே குழாயில் மாட்டி இழுத்து, விட்டதும் சிரிஞ்சின் தண்டு திரும்பத் தானாக உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். போனால் கசிவு இல்லை. சீல், ரப்பர், லாக் வளையம், பேஸ்ட், பிளக், ஃபில்டர், பெட்ரோல் குழாய் எல்லாம் சேர்ந்து 2,300 ஆனது.

மோட்டாரைப் பாடியில் ஏற்றும்போது மேக்னட்டுக்கும் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்துக் காயிலை இறுக்கினால் இடைவெளி சரியாக வரும். பிளக் இடைவெளி 0.5 மில்லி. ஸ்டார்ட் செய்யும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தூக்கினேன், அது கம்ப்ரஷனில் (பிளாக்குக்குள் காற்று அழுந்தும் பலத்தில்) தொங்கி மெல்ல மெல்ல இறங்கியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் கார்புரேட்டர் வேலை பாக்கி இருந்தது. பிளாக் பெரிதானால் காற்று கூட இழுக்கும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். 56.5-க்கு வைத்த திருகை அப்படியே விட்டால் 64-க்குப் போதாது. பட்டறையில் இதையும் தொடவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை வைக்க, அதிக வேகத்துக்கு எச், குறைந்த வேகத்துக்கு எல் என்று இரண்டு திருகு உண்டு. சிலவற்றில் எச் திருகு கொஞ்சதூரத்துக்கு மேல் திரும்பாது, சிலவற்றில் அந்தத் திருகே இருக்காது. என்னுடையது போதிய அளவு திறக்கவில்லை, அதனால் எச்சும் எல்லும் தாராளமாகத் திரும்பும் வெளி கம்பெனி கார்புரேட்டர் ஒன்று 1,900-க்கு வாங்கினேன். இரண்டு திருகையும் மெதுவாக உள்ளே மூடி ஒரு சுற்றுத் திறந்து ஆரம்பித்தேன். பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும், மோட்டாரின் வேகத்தைக் காட்டும் டாக்கோ மீட்டர் 650 ரூபாய். அது இல்லாமல் காதை மட்டும் நம்ப எனக்குத் தைரியம் இல்லை. மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் சுத்தமாகக் கத்தக் கூடாது, கொஞ்சம் குழறி, விட்டுவிட்டு அடிக்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் குழறல் நின்று சத்தம் தெளிய வேண்டும். அதுதான் சரியான அளவு. நான் நிமிஷத்துக்கு 12,500 சுற்றைத் தாண்டவிடவில்லை. முதல் சில டேங்குக்கு அதற்கும் கீழே, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே வைத்து ஓட்டினேன். புகை வந்தால் வரட்டும்.

பெட்ரோல் விஷயமும் இதில் சேர்ந்ததுதான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். பழைய மிஷினின் ரப்பர் குழாய்களுக்கும் அது ஆகாது. வேலை இல்லாத நாட்களில் டேங்கைக் காலிசெய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வைக்கிறேன். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலென்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண ஆயிலென்றால் 40 மில்லி என்பது கம்பெனிக் கணக்கு. கேனில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு இழுவை எவ்வளவு கூடியது என்று கேட்டால், கணக்குப்படி சிசி 13 சதவீதம்தான் கூடுகிறது. கையில் தெரிகிறது, மறுக்கவில்லை. 20 இஞ்ச் பாரைத் தேக்கிலோ வேம்பிலோ முழுக்கப் புதைத்தாலும் இப்போது தயங்குவதில்லை, மிஷினின் எடையும் ஏறவில்லை. ஆனால் தென்னையில் சங்கிலியின் கூர் போய்விட்டால் 64 சிசியும் ஒன்றுதான், 56 சிசியும் ஒன்றுதான். தென்னந்தண்டு சங்கிலியை எவ்வளவு சீக்கிரம் மழுக்கும் என்று அறுப்பவர்களுக்குத் தெரியும். ஒழுங்காக அரம் போட்ட சங்கிலி கொடுக்கும் வேகத்தை இந்தப் பெரிய பிளாக் கொடுக்கவில்லை. பிஸ்டன் நன்றாக இருக்கும்போது பவருக்காக மட்டும் பிரிக்காதீர்கள். பிஸ்டன் ஏற்கெனவே போயிருந்தால், மோட்டார் எப்படியும் வெளியே வரப்போகிறது என்றால், 49 மில்லி செட்டின் விலை 46 மில்லி செட்டைவிடப் பெரிதாகக் கூடவில்லை, தாராளமாகப் போடலாம். அதற்கும் முன்னால் கிராங்கைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கனெக்டிங் ராடு மேலும் கீழும் ஆடினாலோ, பேரிங் சுற்றும்போது கரகரவென்று இருந்தாலோ கிட் வாங்குவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் காசைப் புது மிஷினுக்கு முன்பணமாகக் கட்டிவிடலாம்.